குடியை விட்டு விட்டார். சொன்னது ஏன் மறந்து போகிறது?
"பொய் சொல்கிறார்" என்று முடிவு கட்டாதீர்கள்! தேற வேண்டியது உடம்பு மட்டும் அல்ல, மூளையும்தான்

சென்னை:–

குடிப் பழக்கத்தை நிறுத்தி, ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களில் பலருக்கு ஒரு தொல்லை காத்து இருக்கிறது. அதுதான் மறதி!

கை நடுக்கம் நின்று விடுகிறது. சோறு இறங்குகிறது. முகத்தில் தெளிவு வருகிறது. "இனிமேல் நல்ல காலம்தான்" என்று வீட்டில் உள்ளவர்கள் நினைக்கிறார்கள்.

ஆனால் ஐந்து சாமான் வாங்கி வரச் சொன்னால் இரண்டு சாமான்தான் வருகிறது. "சாயந்திரம் பிள்ளையை டியூஷன்ல இருந்து கூட்டிட்டு வாங்க" என்று காலையில் சொல்லி அனுப்பினால், "எப்போ சொன்னே?" என்று இரவில் கேட்கிறார். ரேஷன் கார்டை வைத்த இடம் தெரியவில்லை. கணக்கு எழுத உட்கார்ந்தால் கூட்டல் தப்பாகிறது.

"மறுபடியும் ஊத்திக்கிட்டு வந்துட்டான், அதான் உளர்றான்" என்று வீட்டில் சண்டை வெடிக்கிறது.

பல வீடுகளில் உண்மை அது அல்ல. குடி போய் விட்டது. குடி கெடுத்து விட்டுப் போன மூளை இன்னும் தேறவில்லை. அந்த நிலையில் இருப்பவரைத் திட்டித் தீர்த்தாலும் பயன் இல்லை. மணிக்கணக்கில் உட்கார வைத்துப் புத்திமதி சொன்னாலும் பயன் இல்லை. இரண்டுமே அவரைத் திரும்பவும் கடை வாசலுக்குத் தள்ளி விடக் கூடும்.

விவரம் வருமாறு:–

38 பேரில் ஒருவர்

மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அது 2019–ல் வெளிவந்தது. 10 வயது முதல் 75 வயது வரை உள்ளவர்களில் சுமார் 16 கோடி பேர் மது அருந்துவதாக அதில் தெரிய வந்தது. அவர்களில் சுமார் 5 கோடியே 70 லட்சம் பேருக்கு குடியால் கெடுதல் ஏற்பட்டு, உதவி தேவைப்படுகிற நிலை.

இதை விட அதிர்ச்சியான கணக்கும் அதில் இருக்கிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்று இருக்கிறார். ஆஸ்பத்திரியில் தங்கி சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர்தான்.

அப்படி தப்பித் தவறி வார்டு வரை வந்து சேர்ந்த அந்த ஒருவரை, மறதியால் மறுபடியும் இழந்து விடுவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

வீட்டுப் பெரியவர் மாதிரி

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி, ஒரு வீட்டுப் பெரியவர் மாதிரி. எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப் போடுவது, எங்கே "வேண்டாம்" என்று நிறுத்துவது என்பதை எல்லாம் பார்த்துக் கொள்வது அதுதான். நீண்ட நாள் குடியில் அதிகமாக அடிபடும் இடங்களில் அதுவும் ஒன்று.

புதிய செய்திகளைப் பதிவு செய்து வைக்கும் பகுதி ஒன்று, காதுக்கு நேராக மூளையின் உள்ளே இருக்கிறது. அதுவும் பாதிக்கப்படுகிறது. பின்னந்தலையில் உள்ள சிறுமூளை கெடுவதால், போதை இல்லாத போதும் நடையில் தள்ளாட்டம் வருகிறது.

இதில் உள்ள வேதனையைக் கவனியுங்கள். "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்ல எந்தப் பகுதி வேண்டுமோ, அந்தப் பகுதியையே குடி முதலில் பதம் பார்த்து விடுகிறது. "உனக்கு மன உறுதி இல்லை" என்று திட்டுகிறவர்கள் இதை எண்ணிப் பார்ப்பது இல்லை.

நல்ல செய்தியும் உண்டு. சுருங்கிப் போன மூளை, குடியை நிறுத்திய சில வாரங்களிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய அளவை நோக்கித் திரும்பத் தொடங்குவது ஸ்கேன் படங்களில் தெரிய வந்து இருக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் தேறுவது இல்லை. கவனம் போன்ற சில திறமைகள் சில வாரங்களில் மேம்படும். ஞாபக சக்தியும் திட்டம் போடும் திறமையும் திரும்ப மாதங்கள் ஆகலாம். ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். சிலருக்கு ஓரளவு குறை நிரந்தரமாகவே தங்கி விடும்.

முதல் நான்கு நாள்: உஷார்!

தினமும் அதிகமாகக் குடித்து வந்தவர், "இன்றோடு விட்டேன்" என்று வீட்டிலேயே திடீரென்று நிறுத்துவது ஆபத்து. நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரக் கூடும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை, ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவதும், இல்லாத பூச்சியும் பாம்பும் ஊர்வது போலத் தெரிவதும் உண்டு. இது உயிருக்கே ஆபத்தான நிலை. "பேய் பிடித்து விட்டது" என்று மந்திரிக்கக் கூட்டிப் போய் நேரத்தை வீணாக்கக் கூடாது. டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

ஒரு வைட்டமின் செய்யும் வேலை

குடிக்கிறவர் சரியாகச் சாப்பிடுவது இல்லை. சாப்பிட்டாலும், அதில் உள்ள பி–1 வைட்டமினை குடல் உறிஞ்ச விடாமல் மது கெடுக்கிறது. உடம்பில் இருக்கும் பி–1 கையிருப்போ சில வாரங்களுக்குத்தான் தாங்கும். அதுவும் தீர்ந்தால் மூளைக்கு ஆபத்து.

ஜெர்மன் டாக்டர் கார்ல் வெர்னிக்கே 1881–ல் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். இரண்டு பேர் குடிகாரர்கள். மூன்றாவது ஆள் ஒரு பெண். கந்தக அமிலத்தைக் குடித்து, அதன் பிறகு உணவு வயிற்றில் தங்காமல் அவதிப்பட்டவர். மூன்று பேருக்கும் சித்தக் குழப்பம், கண் அசைவில் கோளாறு, தள்ளாட்டம். மூன்று பேரும் இறந்து போனார்கள். வைட்டமின் என்ற பேச்சே இல்லாத காலம் அது.

இன்றைக்கு அதற்கு மருந்து இருக்கிறது. பி–1 ஊசியை உடனே போட்டால் காப்பாற்றி விடலாம். தாமதித்தால் ஞாபக சக்தி நிரந்தரமாகப் போய் விடக் கூடும். குடித்துப் பழகியவர் குழம்பிப் பேசினாலோ, கண் நிலை மாறினாலோ, கால் நிற்காமல் தள்ளாடினாலோ "போதை தெளிந்தால் சரியாகி விடும்" என்று படுக்க வைக்கக் கூடாது. இந்த மூன்று அறிகுறிகளும் சேர்ந்து வர வேண்டும் என்று அவசியம் இல்லை. ஒன்று இருந்தாலும் போதும், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

விழுந்து எழுந்து பழகியவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டி இருக்கலாம். தலைவலியும் தூக்க மயக்கமும் நாளுக்கு நாள் கூடினால், அதையும் சாதாரண மறதி என்று விட்டு விடக் கூடாது.

பொய் அல்லாத பொய்

ரஷிய டாக்டர் செர்கெய் கோர்சகோவ் 1887–ல் இருந்து இந்த மறதி நோயை விவரித்து எழுதினார். அவர் பெயரே அந்த நோய்க்கு நிலைத்து விட்டது. இந்த நோய் வந்தவருக்கு நேற்று நடந்தது நினைவில் தங்காது. அந்த வெற்றிடத்தை மூளை தானாகவே ஏதோ ஒன்றை வைத்து நிரப்பிக் கொள்ளும்.

"காலையில் எங்கே போனீங்க?" என்று கேட்டால், "பீச் ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வந்தேன்" என்பார். ஆனால் அவர் கட்டிலை விட்டு இறங்கி இருக்கவே மாட்டார். கேட்பவருக்கு அது பச்சைப் பொய். சொல்கிறவருக்கோ அது உண்மை. ஏமாற்றும் எண்ணம் அதில் துளியும் இல்லை.

இவ்வளவு தூரம் முற்றிய நிலை எல்லோருக்கும் வருவது இல்லை. லேசான மறதியும் கவனக் குறைவும்தான் பெரும்பாலோருக்கு.

பேச்சுதான் மருந்து, ஆனால்...

குடி நோய்க்கு மாத்திரை மட்டும் போதாது. மனநலப் பேச்சு சிகிச்சையும் வேண்டும். ஆஸ்பத்திரிகளில் "கவுன்சிலிங்" என்று சொல்வது இதைத்தான்.

குடிக்கத் தூண்டும் எண்ணம் எப்போது வருகிறது என்று கண்டுபிடித்து, அதற்கு மாற்று வழி பழக்குவது இதில் ஒரு முறை. அமெரிக்க மனநல டாக்டர் ஆரன் பெக் 1960–களில் போட்ட பாதையில் வளர்ந்தது இது. ஆலன் மார்லட் என்ற மனநல நிபுணர், மீண்டும் குடியில் விழாமல் தடுக்கும் முறைகளைத் தொகுத்து 1985–ல் ஒரு நூலே கொண்டு வந்தார். சம்பள நாள், பழைய கூட்டாளி, வீட்டுச் சண்டை, சாவு வீடு, கல்யாண வீடு என்று ஒருவரைக் கவிழ்க்கும் இடங்களை முன்கூட்டியே பட்டியல் போட்டு வைப்பது அந்த வகை சிகிச்சையின் அடிப்படை.

இங்கேதான் சிக்கல்! இந்தச் சிகிச்சைக்கு என்ன வேண்டும்? கேட்டதைக் கவனிக்க வேண்டும். நினைவில் வைக்க வேண்டும். சமயத்தில் எடுத்துப் பயன்படுத்த வேண்டும். மூன்றும்தான் அவரிடம் இப்போது கைவசம் இல்லாத சரக்கு.

கொகெயின் போதைக்கு இந்தச் சிகிச்சை பெற்றவர்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2003–ல் வெளியிட்டார்கள். பாதியில் நின்று போனவர்களின் கவனமும் யோசிக்கும் திறமையும், முழுவதும் வந்தவர்களை விட மட்டமாக இருந்தது தெரிந்தது. "அக்கறை இல்லாமல் ஓடி விட்டார்" என்று கை கழுவப்படுகிறவர்களில் சிலர், உண்மையில் பாடம் புரியாமல் பின்தங்கிய மாணவர்கள்தான்.

சின்னப் பாடம், பல தடவை

அப்படியானால் பேச்சு சிகிச்சை வேண்டாமா? வேண்டும். அவர் மூளை எவ்வளவு தாங்குமோ அந்த அளவுக்கு வெட்டிக் கொடுக்க வேண்டும்.

ஒரு மணி நேரம் பேசுவதற்குப் பதில், சின்னச் சின்ன நேரமாகப் பல தடவை பேசலாம். ஒரு சந்திப்பில் ஒரே ஒரு விஷயம் போதும். சொன்னதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். எழுதிக் கொடுக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு படம் போட்டுக் கொடுக்கலாம். அடுத்த தடவை வந்ததும் பழைய பாடத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

"கட்டுப்பாடாக இருங்கள்" என்பது இவருக்கு உதவாது. "இது நடந்தால் இதைச் செய்" என்று ஒற்றை வரியாகச் சொல்ல வேண்டும். உதாரணத்துக்கு:–

"கூட்டாளி கூப்பிட்டால், நிற்காமல் நடந்து கொண்டே 'மருந்து சாப்பிடறேன்' என்று சொல்."

"சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும், நேராகப் பஸ் ஸ்டாண்டு. அங்கே சம்சாரம் காத்து இருப்பார்."

"குடிக்கத் தோன்றினால் முதலில் தண்ணீர், பிறகு சாப்பாடு, அரை மணி நேரம் பொறு."

கடைசி வரிக்குக் காரணம் உண்டு. குடி வெறி அலை மாதிரி எழும்பும். பெரும்பாலும் அரை மணிக்குள் தானாகவே இறங்கி விடும். அதற்குள் முடிவு எடுக்காமல் இருந்தால் போதும். இந்த மாதிரி வரிகளை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்து விட்டால், மூளை மறந்தாலும் பை மறக்காது!

பத்து நிமிஷ சோதனை

மறதி எவ்வளவு என்று கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் வேண்டியது இல்லை. 2005–ல் கனடாவில் வெளியிடப்பட்ட ஒரு சோதனை பல நாடுகளில் பழக்கத்தில் இருக்கிறது. 30 மார்க், சுமார் பத்து நிமிஷம். கடிகாரம் வரையச் சொல்வார்கள். ஐந்து வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்து திருப்பிக் கேட்பார்கள். தமிழிலும் இது இருக்கிறது. அதிகம் படிக்காதவருக்கு மார்க் குறைவது சகஜம் என்பதால், அதையும் கணக்கில் எடுத்துக் கொள்ள வேண்டும்.

பெங்களூர் நிம்ஹான்ஸ், நம் நாட்டு மக்களுக்கு ஏற்ற விரிவான சோதனைத் தொகுப்பு ஒன்றை 2004–ல் கொண்டு வந்தது.

நிறுத்திய முதல் சில நாட்களில் சோதித்தால் யாருக்குமே மார்க் குறையும். இரண்டு வாரமாவது கழிய வேண்டும். அதற்குப் பிறகும் குறைவாக இருந்தால் சிகிச்சையை மாற்றி அமைக்க வேண்டும்.

கவனத்தைப் பழக்கும் பயிற்சிகளும் இருக்கின்றன. கலந்து வைத்த தானியங்களை வகை வகையாகப் பிரிப்பது, அச்சடித்த காகிதத்தில் குறிப்பிட்ட எழுத்தை மட்டும் தேடி அடிப்பது போன்றவை அவை. முறத்தில் அரிசி பொறுக்குகிற வீட்டில் இதற்குத் தனிச் செலவு கிடையாது. ஆனால் ஒன்று: பயிற்சியில் மார்க் கூடினால் குடியும் தானாக ஒழிந்து விடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இது பேச்சு சிகிச்சைக்குத் துணை. அதற்கு மாற்று அல்ல.

1935–ல் அமெரிக்காவில் தொடங்கிய "ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்" கூட்டங்கள் சென்னையிலும் பல இடங்களில் நடக்கின்றன. காசு கிடையாது. "இன்று ஒரு நாள் குடிக்க மாட்டேன்" என்பது அங்கே சொல்லப்படும் பாடம். அதையே திரும்பத் திரும்பக் கேட்பது சிலருக்குச் சலிப்பாக இருக்கலாம். மறதிக்காரருக்கு அந்தத் திரும்பத் திரும்பதான் மருந்து!

சாம்பாரில் கலக்காதீர்கள்

"அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறந்து விடுவார்" என்று மருந்து விற்பவர்கள் உண்டு. இது விபரீதம்.

குடித்தால் உடம்பு ஒத்துக் கொள்ளாமல் செய்யும் "டைசல்ஃபிரம்" என்ற மாத்திரை இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர் மது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, மூச்சு முட்டி, ரத்த அழுத்தம் இறங்கி விடும். உயிரே போகலாம். நோயாளி தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்வையில் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. மாத்திரை சாப்பிட்டதையே மறந்து விடுகிற ஆளுக்கு அது இன்னும் ஆபத்து.

அதே போல், கட்டி வைத்து அடிக்கும் "மறுவாழ்வு இல்லம்" எதுவும் மூளையைக் குணப்படுத்தாது. சேர்க்கும் முன் மாநில மனநல ஆணையத்தின் அனுமதி இருக்கிறதா, டாக்டர் வருகிறாரா என்று கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

முதலாளிகள் கவனத்துக்கு

வேலைக்குத் திரும்பும் ஆளை முதல் நாளே கல்லாவில் உட்கார வைப்பது தவறு. உயரத்தில் ஏறும் வேலை, மெஷின் வேலை, வண்டி ஓட்டும் வேலை கொடுக்கும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும். முதல் சில மாதங்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலை போதும். வாயால் சொல்வதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் பாதித் தவறு குறையும்.

ஆபீசில் வேலை பார்ப்பவருக்கும் இதே வழிதான். "குடிகாரன் புத்தி மாறலே" என்று எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லி விட்டால், அவர் அன்று மாலையே அதை மெய்யாக்கி விடக் கூடும். வேலை போனால் அந்த வீட்டில் பள்ளிக் கட்டணமும் வாடகையும் சேர்ந்து போகும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

அவர் குடித்தாரா, மறந்தாரா என்று வீட்டில் அடிக்கடி சந்தேகம் வரும். மறதி என்று சொல்லி விட்டுக் குடிப்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். சண்டை போட்டு இதைத் தீர்க்க முடியாது. சிகிச்சை பெறும் இடத்தில் மூச்சுச் சோதனை செய்து பார்த்தால் தெரிந்து விடும். கருவி சொல்லட்டும், மனைவி போலீஸ் வேலை பார்க்க வேண்டாம்.

சாவி, மாத்திரை, பர்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே இடம். நாள் காட்டியில் பெரிய எழுத்தில் வேலை. வேளைக்குச் சாப்பாடு. பயறு, வேர்க்கடலை, முட்டை, புழுங்கல் அரிசி ஆகியவற்றில் பி–1 உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் பழைய குடிகாரருக்கு எதிரிகள். நான்கையும் ஒன்று சேர விடக் கூடாது.

எங்கே போவது?

கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980–ல் சென்னையில் தொடங்கிய அமைப்பு, அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. ஆஸ்பத்திரியை நடத்துகிறது. 1992–ல் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. குடிப்பவருக்கு மட்டும் அல்லாமல், குடும்பத்துக்கும் சேர்த்து ஆலோசனை தருவது அங்கே வழக்கம்.

1794–ல் ஏற்பட்ட கீழ்ப்பாக்கம் அரசு மனநல ஆஸ்பத்திரியிலும் சிகிச்சை பெறலாம். அரசு ஆஸ்பத்திரிகளில் "கலங்கரை" என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்கள் 2025–ல் தமிழ்நாட்டில் திறக்கப்பட்டன.

போனில் யோசனை கேட்க 14446 என்ற போதை மீட்பு எண்ணும், 14416 என்ற மனநல உதவி எண்ணும் இருக்கின்றன. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

டாக்டரைப் பார்க்கும் போது வீட்டுக்காரர்கள் ஒரு கேள்வியை மறக்காமல் கேட்க வேண்டும்: "இவருக்கு ஞாபகச் சோதனை செஞ்சீங்களா?"

அந்தக் கேள்வியை அவர் கேட்க மாட்டார். அவருக்கு ஞாபகம் இருக்காது. கூட வருகிறவர்தான் கேட்க வேண்டும்.